கிரேங்க் புல்லி கழற்ற மூணு கால் புல்லர் போதுமா?

12 அக்டோபர் 2024, இரவு 9.40
செம்மண் வியோஸ்:

2008 டோயோட்டா வியோஸ், 1.5, எஞ்சின் 1என்இசட். கிரேங்க் முனையில் எண்ணெயை அடைக்கும் முன் சீல் ஒழுகுது, அதை மாற்ற கிரேங்க் புல்லியைக் கழற்றணும். நடு போல்ட் எயர் கன்னில் கழன்றாச்சு, புல்லி மட்டும் மயிரிழை நகரல. சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடையில் மூணு கால் புல்லர் 4 அங்குலமும் இருக்கு, 6 அங்குலமும் இருக்கு. 6 வாங்கினால் பலம் ஜாஸ்தி என்று நினைக்கிறேன். தீபாவளிக்குள் காடி ஓடணும். சரிதானே?

12 அக்டோபர், இரவு 10.05
தோட்டத்து ஃபோர்மேன்:

வாங்காதே. 4-உம் வேண்டாம், 6-உம் வேண்டாம்.

அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை. உள்ளே ஒரு குடம், வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். கிரேங்கின் அதிர்வை வாங்கத்தான் அந்த ரப்பர். மூணு கால் புல்லரின் கொக்கி எங்கே போய்ப் பிடிக்கும்? வெளி வளையத்தின் விளிம்பில். நீ ஸ்குரு திருகத் திருக வெளி வளையம் உன் பக்கம் வரும், உள் குடம் கிரேங்கோடு அப்படியே நிற்கும். இழுபடுறது ரப்பர். 16 வருஷ ரப்பர். பிய்ந்தால் புல்லி குப்பை. பாதி பிய்ந்தால் அதைவிட மோசம், வெளியே தெரியாது. மாட்டி ஓட்டின பிறகு பெல்ட் தள்ளாடும், கத்தும்.

கொக்கி நழுவினால் பெல்ட் ஓடும் பள்ளத்தின் உதடும் சில்லு சில்லாக உடையும். அது இன்னொரு செலவு.

12 அக்டோபர், இரவு 10.11
தோட்டத்து ஃபோர்மேன்:

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன், எது வேண்டும் என்று சொல்லல.

டார்ச் எடுத்து புல்லி முகத்தைப் பாரு. நடு ஓட்டைக்கு இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே மரை. செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்திருக்கும், அதனால் வெறும் பள்ளம் மாதிரித் தெரியும். ஆணியால் குத்தி எடு, பிரேக் கிளீனர் அடி, துணியால் துடை. அந்த மரையில் இரண்டு போல்ட் போட்டு இழுக்கும் தட்டைப் புல்லர்தான் உனக்கு வேணும். கடையில் 'ஸ்டியரிங் புல்லர்' என்று கேளு. 'கிரேங்க் புல்லர்' என்று கேட்டால் தௌக்கே மறுபடியும் மூணு காலைத்தான் எடுத்து நீட்டுவார்.

13 அக்டோபர், காலை 7.52
செம்மண் வியோஸ்:

ஓட்டை இருக்கு அண்ணே! இரண்டு. ஒரு டப்பா மண் வந்தது. என்ன சைஸ் போல்ட்?

13 அக்டோபர், காலை 8.30
ஹாஃப் கட்:

டோயோட்டா என்றால் பெரும்பாலும் எம்8 (8 மில்லி விட்டம்), மரை இடைவெளி 1.25 மில்லி. நிசான் என்றால் பெரும்பாலும் எம்6, இடைவெளி 1. மனப்பாடத்தை நம்பாதே, போல்ட்டைக் கையால் திருகிப் பாரு. ஸ்பேனா இல்லாமல் விரலாலேயே 5, 6 சுற்று போகணும்.

முக்கியமான ஒன்று. மலிவு ஸ்டியரிங் புல்லர் பெட்டியில் வரும் போல்ட்டில் பாதி அங்குலக் கணக்கு. 5/16 போல்ட் பார்ப்பதற்கு எம்8 மாதிரியே இருக்கும். விட்டம் 7.94 மில்லி, எம்8-க்குக் கிட்டத்தட்ட அதே. ஆனால் 5/16 முரட்டு மரையில் அங்குலத்துக்கு 18 சுற்று, அதாவது இடைவெளி 1.41. முதல் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், மூணாவதில் இறுகும். "துரு போல" என்று ஸ்பேனா போட்டால் புல்லியின் மரை போச்சு. 3/8-க்கும் எம்10-க்கும் இதே கூத்து.

பெட்டி போல்ட்டைத் தூக்கிப் போடு. போல்ட் கடையில் எம்8, தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்தது இரண்டு வாங்கு. நீளம் 60 மில்லி, முழு மரை.

13 அக்டோபர், காலை 9.15
தோட்டத்து ஃபோர்மேன்:

நல்லா சொன்னே. நீளம் 60 மட்டும் சரியாக வராது. தட்டின் தடிப்பு, வாஷர், புல்லி முகத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, உள்ளே போகும் மரை, எல்லாம் கூட்டணும். உள்ளே போகும் மரை எம்8-க்கு குறைந்தது 8 சுற்று, அதாவது 10 மில்லி. எம்6-க்கும் 8 சுற்று, 8 மில்லி. அதுக்குக் குறைந்தால் வார்ப்பு இரும்பு மரை உரிந்து போல்ட்டோடு வரும். அளவுக்கு மேல் நீளம் போனால் போல்ட் முனை புல்லியைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து டைமிங் கவரில் (எஞ்சினின் முன் மூடி) முட்டும். அப்புறம் நீ இழுக்கிறது புல்லியை இல்லை, கவரை உடைக்கிறே. புல்லியின் தடிப்பை ஒரு கம்பி விட்டு அளந்துக்கோ.

இரண்டு போல்ட்டும் ஒரே அளவு உள்ளே போகணும். ஒன்று 8 சுற்று, இன்னொன்று 5 என்றால் தட்டு கோணலாக நிற்கும், புல்லி கோணலாகக் கவ்விக்கொள்ளும்.

13 அக்டோபர், காலை 9.40
கடைசல் பட்டறை:

எதுக்கு வாங்கணும்? 40 மில்லி அகலம், 10 மில்லி தடிப்பில் தட்டைக் கம்பி ஒரு துண்டு, மூணு ஓட்டை, நடுவில் எம்16 நட்டு வெல்டிங். அரை மணி வேலை. எந்தத் தோட்டத்து வர்க்‌ஷாப்பிலும் துண்டுக் கம்பி கிடக்கும்.

13 அக்டோபர், மதியம் 1.20
தோட்டத்து ஃபோர்மேன்:

பட்டறைக்காரரே, 10 மில்லி வளையும். கணக்குப் போட்டுப் பாரும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே 60 மில்லி தூரம், நடுவில் 2 டன் தள்ளு. 40 அகலத்தில் நடு ஓட்டைக்கு 16 போய்விட்டால் மிச்சம் 24. 12 மில்லி தடிப்பு போட்டால்கூட தகைவு 500 மெகாபாஸ்கலைத் தாண்டுது. சாதா இரும்பு 250-க்குள்ளேயே வளைய ஆரம்பிக்கும். வளைந்தால் போல்ட் இரண்டும் உள்பக்கம் சாயும், மரையை ஒருபக்கமாகக் கடிக்கும்.

50-க்கு 16 போடும். 200-கிட்ட நிற்கும், தாங்கும். நட்டும் சாதா நட்டு வேண்டாம், நீள நட்டு.

13 அக்டோபர், மதியம் 2.02
கடைசல் பட்டறை:

ஒப்புக்கிறேன். 50-க்கு 16. வெல்டிங் நட்டின் மேல்பக்கம் இல்லை, அடிப்பக்கமும் இல்லை... சரியாச் சொல்றேன்: நட்டை கிரேங்க் பக்கம் வைத்து வெல்டிங் பண்ணுங்க. ஸ்குரு கிரேங்கைத் தள்ளும்போது நட்டு வெளியே போகப் பார்க்கும், தட்டே அதைத் தாங்கும். வெளிப்பக்கம் வைத்தால் முழு பாரமும் வெல்டிங் மேல்.

13 அக்டோபர், மதியம் 2.30
தோட்டத்து ஃபோர்மேன்:

இதை நான் சொல்ல மறந்தேன். அருமை.

13 அக்டோபர், மாலை 5.15
செம்மண் வியோஸ்:

நடு ஸ்குரு எங்கே தள்ளும்? கிரேங்க் நடுவில் போல்ட் ஓட்டைதானே இருக்கு. ஸ்குரு முனை உள்ளே போயிடாதா?

13 அக்டோபர், மாலை 6.48
தோட்டத்து ஃபோர்மேன்:

போகும். கூர்முனை கிரேங்கின் முதல் மரையில் உட்கார்ந்து நசுக்கும். அப்புறம் நடு போல்ட் ஏறாது. புல்லி போனால் இன்னொரு புல்லி வாங்கலாம். கிரேங்க் மரை போனால் எஞ்சின் இறக்கணும். இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து இதுதான்.

கைவசம் இருக்கும் வழி: கழற்றிய நடு போல்ட்டையே திரும்பப் போடு. முழுக்கத் திருகு, பிறகு 4 சுற்று மட்டும் பின்னால் எடு. ஸ்குரு முனை அந்த போல்ட் தலையைத் தள்ளட்டும். உள்ளே இன்னும் நிறைய மரை பிடித்திருக்கும், பாரம் பரவும். குறை ஒன்று: போல்ட் தலையின் விளிம்பு புல்லி ஓட்டையைவிடப் பெரிசு, அதனால் புல்லி அந்த 5, 6 மில்லி வந்து விளிம்பில் முட்டி நின்றுவிடும். கவலை இல்லை. முதல் 2 மில்லிதான் சண்டை. அதுக்கப்புறம் போல்ட்டை எடுத்துவிட்டு கையால் ஆட்டி உருவலாம்.

13 அக்டோபர், இரவு 8.10
கடைசல் பட்டறை:

போல்ட் தலை வழி ஓக்கே, ஆனால் ஸ்குரு முனை தலையில் சறுக்கும். சொருகு ஒன்று கடைந்துகொள்வது சுத்தம். சாதா இரும்பில் கம்பி, மரையின் உள் விட்டத்தைவிட அரை மில்லி சின்னது, 30 மில்லி நீளம். தலையில் ஒரு தோள். தோளின் விட்டம் புல்லி ஓட்டையைவிட 1 மில்லி சின்னது. தோள் கிரேங்க் முகத்தில் உட்காரும், மரையைத் தொடாது. மேலே நடுவில் சென்டர் டிரில்லில் ஒரு குழி, ஸ்குரு முனை அதில் உட்காரும். புல்லி சொருகைத் தாண்டி அப்படியே வெளியே வந்துவிடும், நடுவில் நிறுத்தவே வேண்டாம்.

14 அக்டோபர், காலை 6.35
தோட்டத்து ஃபோர்மேன்:

எவ்வளவு இறுக்கலாம் என்று யாரும் பேசல.

எம்16 ஸ்குருவை கிரீஸ் இல்லாமல் 50 நியூட்டன் மீட்டர் திருகினால் சுமார் 1.5 டன் தள்ளும். 8.8 தரத்தில் எம்6 இரண்டு போல்ட் தாங்குறது மொத்தமே 2.3 டன்கிட்ட, அதுவும் இரண்டும் பாரத்தைச் சரிபாதி பிரித்தால். எம்8 இரண்டு என்றால் 4.2 டன். நிசான்காரர்கள் இதனால்தான் போல்ட் அறுந்து அழுகிறார்கள். ஸ்குரு மரைக்கு கிரீஸ் போட்டுக்கோ, 50 வரை போ, நிறுத்து.

14 அக்டோபர், காலை 7.20
தோட்டத்து ஃபோர்மேன்:

மேலே எழுதினதில் தப்பு. கிரீஸ் போட்டால் உராய்வு குறையும், அதே 50-க்கு 2 டன்னுக்கு மேல் தள்ளும். எம்6-க்கு அது விளிம்பு. ஆக கிரீஸ் போட்டுத்தான் வேலை செய்யணும், ஆனால் எம்6 என்றால் 35-லேயே நிறுத்து, எம்8 என்றால் 60. அதுக்கு மேல் முறுக்காதே. எயர் கன்னை நடு ஸ்குருவில் வைக்கவே வைக்காதே. கன் எவ்வளவு தள்ளுது என்று உனக்கும் தெரியாது, கன்னுக்கும் தெரியாது.

60-இல் நிறுத்தி, புல்லி குடத்துக்கும் கிரேங்குக்கும் நடுவே துரு எண்ணெய் 2 சொட்டு விட்டு 10 நிமிஷம் உட்காரு. ஒரு தே தாரிக் நேரம். பிறகு ஸ்குரு தலையில் சின்னச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஸ்குரு இலேசாகிவிடும். புல்லி பிடியை விட்டது என்று அர்த்தம். பலமாக அடிக்காதே, அந்த அடி நேராகப் போய்ச் சேர்றது கிரேங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷரில். துரு எண்ணெய் ரப்பரில் பட்டால் உடனே துடை, ரப்பரை உப்ப வைக்கும்.

சூடு காட்டலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே: கூடாது. பக்கத்திலேயே ரப்பரும் சீலும்.

14 அக்டோபர், காலை 10.44
ஹாஃப் கட்:

உண்மையைச் சொன்னால் ஜப்பான் நாலு சிலிண்டரில் பாதிக்கு மேல் புல்லரே வேண்டாம். அமெரிக்கன் வி8 மாதிரி இறுக்கி அடித்த புல்லி இல்லை இது. சாவி (புல்லி கிரேங்கில் வழுக்கிச் சுற்றாமல் பள்ளத்தில் வைக்கும் இரும்புத் துண்டு) போட்டு சும்மா ஏறி நிற்கும், நடு போல்ட்தான் பிடித்திருக்கும். மாட்டிக்கொள்றது துருவாலும் காய்ந்த எண்ணெயாலும்தான். ஹோண்டாவில் கையாலேயே வரும், அங்கே யுத்தம் முழுக்க போல்ட்டோடு. ஹோண்டா கே சீரிஸ் எஞ்சினில் அந்த போல்ட்டின் இறுக்கம் 245 நியூட்டன் மீட்டர். புல்லி முகத்தில் 50 மில்லி ஆறுமூலைக் குழி இருக்கும், பிடிக்கும் கருவி அதுக்குள்ளே போகும்.

ஸ்பேனாவைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டுகிற வித்தையைப் பழைய பி, டி சீரிஸ் ஹோண்டாவில் செய்யாதீங்க. அந்த எஞ்சின் எதிர்ப் பக்கம் சுற்றும். போல்ட் கழறாது, இன்னும் இறுகும்.

14 அக்டோபர், காலை 11.30
தோட்டத்து ஃபோர்மேன்:

சரியாகச் சுற்றும் எஞ்சினிலும் அந்த வித்தை வேண்டாம். ஸ்பேனா நழுவினால் ஃபென்டரையோ விரலையோ கேட்கும். போல்ட்டை அவிழ்க்கும்போது கிரேங்க் சுற்றாமல் பிடிக்க, மேனுவல் என்றால் 5-ஆம் கியர், ஒருத்தர் பிரேக்கில். ஆட்டோ என்றால் கன்வெர்ட்டர் வழுக்கும், கியர் பிடிக்காது. ஃப்ளைவீல் பல்லைப் பிடி, அல்லது எயர் கன். பழைய பெல்ட் சுற்றி செயின் ஸ்பேனாவால் வெளி வளையத்தைப் பிடிக்கிறவர்கள் கவனிக்க: 200 நியூட்டன் மீட்டர் முழுக்க அந்த ரப்பர் வழியாகத்தான் போகுது. இழுத்துப் பிய்க்காததை முறுக்கிப் பிய்த்த கதை.

14 அக்டோபர், இரவு 7.50
செம்மண் வியோஸ்:

எம்8 சரியா போச்சு, விரலிலேயே 8 சுற்று. ஆனால் தட்டைப் புல்லரை உள்ளே விட்டால் ஸ்குரு பாடியில் இடிக்குது. இடமே இல்லை.

14 அக்டோபர், இரவு 8.15
தோட்டத்து ஃபோர்மேன்:

எஞ்சின் காடியில் குறுக்காக உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் வரும் தலைவலி. கடையில் வரும் நடு ஸ்குரு நீளம். உனக்குத் தேவை 25 மில்லி பயணம்தான். ஸ்குருவை வெட்டாதே, அதே மரையில் குட்டை போல்ட் ஒன்று வாங்கி முனையைச் சாணை பிடி. சாக்கெட்டும் ரேட்செட்டும் வைக்காதே, ரிங் ஸ்பேனா வை, 40, 50 மில்லி மிச்சம். டார்க் ஸ்பேனா வைக்க முடியாது என்பதால் கணக்கு இப்படி: 25 சென்டிமீட்டர் ஸ்பேனா நுனியில் 20 கிலோ இழுத்தால் 50 நியூட்டன் மீட்டர் வரும்.

அப்பவும் இடம் பத்தவில்லை என்றால் எண்ணெய்த் தட்டுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கி கொடு, எஞ்சினைத் தாங்கும் வலது பக்க மவுண்டை அவிழ்த்து எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாரு. பலகை இல்லாமல் ஜாக்கி வைக்காதே. காடி ஸ்டாண்டில் நிற்கணும், ஜாக்கியை மட்டும் நம்பி கீழே போகாதே.

14 அக்டோபர், இரவு 8.22
ஹாஃப் கட்:

இரண்டு நெம்பு கம்பியை எதிரெதிரே வைத்து நெம்பலாமே?

14 அக்டோபர், இரவு 8.40
தோட்டத்து ஃபோர்மேன்:

உள் குடத்தின் பின்னால் கம்பி நுனி போனால் நெம்பலாம். வெளி வளையத்தில் வைத்தால் கூடாது, காரணம் மேலேயே இருக்கு. முட்டு எங்கே கொடுக்கிறே என்பதுதான் விஷயம். பின்னால் இருக்கும் கவர் அலுமினியம், அதில் நேராகக் கம்பியை ஊன்றினால் விரிசல். பலகைத் துண்டு வை. இரண்டு கையும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக.

15 அக்டோபர், மாலை 6.05
செம்மண் வியோஸ்:

வந்துடுச்சு! குட்டை போல்ட், கிரீஸ், 50 கிட்ட நிறுத்தினேன், இரண்டாவது தட்டுலே 'டிக்'. பட்டறை அண்ணன் சொன்ன சொருகு போட்டேன், மரைக்கு ஒன்றும் ஆகல. மூணு கால் புல்லரை வாங்கியிருந்தால் இந்நேரம் இபோவில் புல்லி தேடிக்கிட்டு இருப்பேன். இப்ப பழைய சீலை எடுக்கணும்.

15 அக்டோபர், இரவு 7.30
தோட்டத்து ஃபோர்மேன்:

சீல் வாங்குவதற்கு முன்னால் புல்லியின் பின்பக்கக் கழுத்தைப் பாரு. சீல் உதடு அதன் மேல்தான் ஓடுது. நகத்தை வைத்துத் தடவு. பளபள கோடு மட்டும் என்றால் சரி. நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கு, புது சீல் போட்டாலும் அதே இடத்தில் ஒழுகும். அப்போ புது சீலை 1 மில்லி குறைவாக உள்ளே அடி, உதடு தேயாத இடத்தில் உட்காரும். நேராக அடி, கோணல் கூடாது.

அப்படியே குடத்திலிருந்து வெளி வளையம் வரை மார்க்கரில் ஒரு நேர் கோடு போட்டு வை. ஒரு மாதம் கழித்துப் பாரு. கோடு முறிந்திருந்தால் ரப்பர் வழுக்குது. வெளி வளையத்தில்தான் டைமிங் குறி இருக்கு, வழுக்கினால் டைமிங் லைட் பொய் சொல்லும். நல்லா இருக்கும் டைமிங்கைக் கெட்டுப்போச்சு என்று நினைத்து இல்லாத கோளாறைத் தேடிக்கிட்டு இருப்பாய்.

15 அக்டோபர், இரவு 9.02
ஹாஃப் கட்:

இதைப் படித்துவிட்டு மாஸ்டாவில் கை வைப்பவர்களுக்கு: எம்இசட்ஆர் 2.0, 2.3 எஞ்சினில் புல்லிக்கும் செயின் பல்சக்கரத்துக்கும் சாவியே கிடையாது. நடு போல்ட் இறுக்கம் மட்டும்தான் பிடித்திருக்கு. லாக் போடாமல் போல்ட்டை அவிழ்த்த நிமிஷமே டைமிங் போச்சு. அங்கே கேள்வி எந்தப் புல்லர் என்பதே இல்லை.

16 அக்டோபர், காலை 7.10
செம்மண் வியோஸ்:

நகம் லேசா தடுக்குது. 1 மில்லி வெளியே அடிக்கிறேன். திரும்பப் போடும்போது சுத்தியலால் தட்டி ஏற்றலாமா?

16 அக்டோபர், காலை 7.25
தோட்டத்து ஃபோர்மேன்:

கூடாது. கிரேங்க் மூக்கிலும் குடத்தின் உள்ளேயும் இருக்கும் துருவை 400 மணல் தாளால் எடு, தூளை நன்றாகத் துடை. சாவி தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கா பாரு, சாய்ந்திருந்தால் புல்லி பாதியில் முட்டும், நீ இறுக்கினால் சாவி பள்ளத்தைக் கிழிக்கும். சீல் உதட்டுக்கு எஞ்சின் எண்ணெய் ஒரு விரல். கையால் தள்ளு, ஏறும். ஏறவில்லை என்றால் எடுத்துப் பாரு, தள்ளாதே. போல்ட் மரையைத் துடைத்து, 128 நியூட்டன் மீட்டர், டார்க் ஸ்பேனாவில். எயர் கன்னை அன்றைக்கு மட்டும் பெட்டியிலேயே விட்டு வை.

16 அக்டோபர், இரவு 8.55
கடைசல் பட்டறை:

தம்பி, அந்தச் சொருகைத் தூக்கிப் போடாதே. விட்டத்தை அளந்து '1என்இசட்' என்று மேலேயே பொறித்து வை. அந்த ஊரில் வியோஸுக்கா பஞ்சம், அடுத்த வாரமே ஒருத்தன் கேட்டுக்கிட்டு வருவான்.